பெடலைக் குறை சொல்லும் முன் ஜாக்கைப் பாருங்கள்: கிடார் கேள்வி பதில்

ராமநாதபுரத்தில் ஆம்ப், மிக்ஸர், கிடார் ஓசையை மாற்றக் காலால் மிதிக்கும் பெடல் இவற்றைப் பழுதுபார்ப்பது என் தொழில். தொண்டியிலிருந்து ராமேசுவரம் வரை கச்சேரியிலும் சர்ச்சிலும் கிடார் வாசிப்பவர்கள் சத்தம் குறைவதைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தங்கச்சிமடம், சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கும் தம்பி: அண்ணே, கிடாரை நேரா ஆம்ப்ல போட்டா கும்முனு கேக்குது. அஞ்சு பெடல் வழியாப் போனா பாதிதான் வருது, எல்லாத்தையும் ஆஃப் பண்ணி வச்சாலும் அப்படித்தான். எந்தப் பெடல் போச்சு?

அஞ்சில் ஒன்றுகூடப் போகாமல் இருக்கலாம் தம்பி. முதலில் கிடார், ஒரே ஒரு பெடல், ஆம்ப் என்று மட்டும் கோத்து வாசியுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். சத்தம் எங்கே இறங்குகிறதோ அங்கே நில்லுங்கள். உடனே பெடலைக் கழற்றிவிடாதீர்கள். அதற்குப் போகும் குட்டி கேபிளை எடுத்துவிட்டு, நல்லது என்று தெரிந்த ஒரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். பாதி நேரம் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கேபிள் சரி என்றால், உங்கள் ஊரில் என் சந்தேகம் ஜாக் மேல்தான், அதாவது கேபிளின் பின்னைச் சொருகும் ஓட்டை மேல். இரண்டு பக்கமும் கடல். உப்புக் காற்று வீட்டுக்குள்ளேயே வந்து உட்காருகிறது. ஜாக் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பின்னின் நுனியைப் பிடிக்கும் வளைந்த தகடு தெரியும். குத்துவிளக்கைத் துலக்காமல் விட்டால் ஏறுமே, அந்தப் பச்சைக் களிம்பு அதிலும் படிந்திருக்கும். பெடல் ஆஃபில் இருந்தாலும் சிக்னல் உள்ளே நுழைந்து வெளியே வந்துதான் ஆக வேண்டும். அஞ்சு பெடலுக்குப் பத்து ஜாக். பத்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் பாதிச் சத்தம்தான் மிஞ்சும்.

கரண்டை எடுத்துவிட்டு, பேட்டரியையும் கழற்றுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரையோ ஐசோப்ரொபைல் ஆல்கஹாலையோ ஒரு பின்னில் நனைத்து, ஜாக்கில் பத்துப் பதினைந்து தடவை சொருகி உருவுங்கள். பின்னைத் துடைத்தால் துணியில் கறுப்பாக வரும். கறுப்பு நிற்கும்வரை செய்யுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்குள் இன்னும் மோசமாகக் களிம்பு ஏறும். பூட்டுக்கு அடிக்கிற எண்ணெயும் வேண்டாம், அது தங்கித் தூசியை இழுக்கும். பின் தொளதொளவென்று இருந்தால் மூடியைத் திறந்து அந்தத் தகட்டை ஒரு நூல் அளவு உள்பக்கம் வளையுங்கள். வாசிக்காத நாளில் பெடல்களை மூடி போட்ட டப்பாவில், செருப்புப் பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வையுங்கள்.

பாம்பன், தங்கச்சி ஒருவர்: ஓவர்டிரைவை மிதிச்சா சத்தம் கூடணும்ல அண்ணே? எனக்குக் குறையுது.

லெவல் என்று எழுதிய திருகை எங்கே வைத்திருக்கிறீர்கள்? கரகரப்பைக் கூட்டும் டிரைவ் திருகை ஏற்றினால் சிக்னலின் உச்சிகள் நசுங்கும். காதுக்குக் கரகரப்புக் கூடும், ஆனால் அதே அளவுக்குச் சத்தம் ஏறாது. பெடலை ஆன் ஆஃப் செய்துகொண்டே, இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்கும்வரை லெவலைத் திருகுங்கள். அதை வீட்டில் தனியாகச் செய்யாமல், டிரம்ஸும் கீபோர்டும் வாசிக்கும்போது செய்யுங்கள். லெவலை முழுக்க வைத்தும் ஏறவில்லை என்றால் பேட்டரியை அளந்து பாருங்கள்.

கீழக்கரை, கல்யாண நிகழ்ச்சிகளில் வாசிக்கும் பெரியவர்: ஆம்ப் இல்லை தம்பி, நேரே மிக்ஸரில் லைன் இன்புட்டில்தான் போடுகிறேன். பெடல் ஆனில் இருந்தால் நன்றாகக் கேட்கிறது. ஆஃப் செய்தால் சத்தம் செத்து, தகரம் மாதிரி ஆகிறது.

காக்கா (உங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தானே அழைப்பார்கள்), நீங்கள் சொன்ன விதத்திலேயே பதில் இருக்கிறது. உங்கள் பெடல் ட்ரூ பைபாஸ் வகை. ஆஃப் செய்ததும் அதன் சர்க்யூட் விலகிக்கொண்டு, கிடாரின் பிக்கப்பும் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பாகம்) மிக்ஸரும் நேருக்கு நேர் நிற்கின்றன. பிக்கப்புக்கு 1 மெகா ஓம் அளவில் மின்தடை (இம்பீடன்ஸ்) உள்ள இன்புட் வேண்டும். சாதாரண லைன் இன்புட்டில் 10 முதல் 20 கிலோ ஓம்தான் இருக்கும். பிக்கப்பால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது, மேல்சுரம் முதலில் சாகும். பெடல் ஆனில் இருக்கும்போது அதன் சர்க்யூட் நடுவில் நின்று தாங்குகிறது. மிக்ஸரில் ஹை-இசட் (இன்புட்டின் தடையைக் கூட்டும்) பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இல்லையென்றால் கிடார் சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றும் ஆக்டிவ் டிஐ பாக்ஸ் ஒன்று வாங்கி மைக் இன்புட்டில் போடுங்கள். பாஸ் (Boss) கம்பெனி டியூனர் போல, ஆஃபிலும் பஃபர் (நடுவில் நின்று சிக்னலைத் தாங்கும் சர்க்யூட்) வேலை செய்கிற பெடல் ஒன்றை வரிசையில் வைத்தாலும் பிரச்சினை தீரும்.

ராமேசுவரம்: ஆறு பெடல், பத்து மீட்டர் கேபிள். சத்தம் இருக்கு, ஆனா மழுங்கிப்போய் இருக்கு.

கேபிளின் கெப்பாசிட்டன்ஸ்தான் காரணம், நீளம் கூடக் கூட அது மேல்சுரத்தை விழுங்கும். மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் என்றாலும் பத்து மீட்டருக்கு 1000. வரிசையின் முதலில் ஒரு பஃபர் வையுங்கள். பழைய மாதிரி ஃபஸ் பெடல் (ஓவர்டிரைவைவிட முரட்டுக் கரகரப்புத் தருவது) இருந்தால் மட்டும் அதைப் பஃபருக்கு முன்னால் போடுங்கள், பின்னால் போனால் அதன் குணமே மாறிவிடும்.

மண்டபம், திருவிழா மேடைக் குழு: ஒரே அடாப்டர்ல ஆறு பெடலைத் தொடுத்திருக்கோம். டிலேயை ஆன் பண்ணா எல்லாமே இறங்கி இரைச்சல் வருது.

அடாப்டரில் எத்தனை மில்லி ஆம்பியர் என்று பாருங்கள். பழைய மாதிரி ஓவர்டிரைவுக்கு 10 போதும். எதிரொலி தரும் டிஜிட்டல் டிலே ஒன்றே 100, 200 கூடக் கேட்கலாம். எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். எல்லாம் ஓடும்போது மீட்டரை வைத்து அளங்கள். 9 வோல்ட் 7-க்கு இறங்கியிருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். டிலேக்குத் தனி அடாப்டர் கொடுத்தால் இரைச்சலும் பெரும்பாலும் போய்விடும். வாங்கும்போது நடுப்பின் மைனஸா என்று அடாப்டர் மேல் உள்ள படத்தைப் பாருங்கள். பல வருஷத்துக்கு முன் அவசரத்தில் நான் நடுப்பின் பிளஸ் அடாப்டரை ஒரு பையனின் பெடலில் சொருகிவிட்டேன். அவன் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. உள்ளே இருந்த காப்பு டயோடு மட்டும் வெந்திருந்தது, அதை மாற்றியதும் பெடல் பிழைத்தது. எல்லாப் பெடலிலும் அந்த டயோடு இருக்காது.

தொண்டி: டிலேயை ஆம்ப்போட எஃபெக்ட்ஸ் லூப்ல போட்டா உடைஞ்சு கேக்குது.

லூப் என்பது ஆம்ப்பின் உள்ளே நடுவில் பெடல் கோக்கும் வழி. அதில் வருவது கிடார் சிக்னலைவிடப் பெரிய லைன் லெவல், பெடல் எதிர்பார்ப்பது கிடார் அளவு. ஆம்ப் பின்னால் +4, -10 என்று சுவிட்ச் இருந்தால் -10-க்குத் தள்ளுங்கள். சிக்னல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகும்.

தேவிபட்டினம்: புது பேட்டரி ரெண்டே நாள்ல இறங்கிடுது, சத்தமும் கூடவே குறையுது. பெடலை ஆஃப்லதான் வைக்கிறேன்.

கால் சுவிட்ச் பேட்டரியை நிறுத்தாது தம்பி. இன்புட் ஜாக்கில் பின் இருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டேதான் இருக்கும். வாசித்து முடித்ததும் கிடார் பக்கத்து வயரைப் பெடலிலிருந்து உருவிவிடுங்கள்.