போர்ட் லூயிஸில் வீடு வாங்கலாமா?

கேள்வி: நான் திருச்சிப் பெண், கணவர் மொரீஷியஸ்காரர். ரோஸ் ஹில்லில் வாடகைக்கு இருக்கிறோம். அவருக்கு வேலை போர்ட் லூயிஸில். அங்கே ட்ராங்க்பாரில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது, எங்கள் கைக்கு அடங்கும் விலைதான். "வெயிலில் வெந்துபோவீர்கள்" என்கிறார் மாமியார். வாங்கலாமா ஐயா?
- ஒரு வாசகி, ரோஸ் ஹில்

பதில்: மாமியார் சொல்வது சரிதான் அம்மா. ஆனால் வெயிலுக்கு ஃபேன் இருக்கிறது. எனக்குத் தண்ணீரை நினைத்தால்தான் பயம். போர்ட் லூயிஸுக்கு முன்னால் கடல், முதுகுக்குப் பின்னால் மலை. லெ பூஸ் மலையில் கொட்டுகிற மழை ஊருக்குள் இறங்கித்தான் கடலுக்குப் போக வேண்டும். வழியெல்லாம் நாம் கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டோம். 2013 மார்ச் 30 அன்று கொஞ்ச நேரம் அடித்த பேய்மழையில் 11 பேர் போனார்கள். துறைமுகக் கரையிலுள்ள கோதான் பக்கம் சுரங்க நடைபாதையில் மாட்டிக்கொண்டவர்களும் அதில் உண்டு. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது நடுத்தெருவில் கார்கள் மிதந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அதனால் ஜனவரி, பிப்ரவரியில் ஒரு பெருமழை விட்ட கையோடு போய் வீட்டைப் பாருங்கள். புதுப் பெயின்டுக்கு அடியில் முழங்கால் உயரம் வரை பூச்சு உப்பியிருக்கிறதா? கதவின் அடிப்பலகை ஊறி வாய் பிளந்திருக்கிறதா? பிளக் பாயின்டுகளையெல்லாம் இடுப்புக்கு மேலே ஏற்றி வைத்திருந்தால், வீட்டுக்காரர் வாயே திறக்க வேண்டாம், விஷயம் தெரிந்துவிட்டது. தெருமுனைத் தால் பூரிக்காரரிடம் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு, 2013-ல் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். அவருக்குக் கமிஷன் கிடையாது, உள்ளதைச் சொல்வார்.

அப்புறம் பத்திரம். இங்கே சொத்துச் சட்டம் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனது. தகப்பனார் காலமானால் ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. ஒருவர் பாரிஸில், இன்னொருவர் மெல்போர்னில் இருந்தாலும் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் முழு வீடும் உங்களுக்கு வரும். "தம்பி பிறகு வந்து போட்டுவிடுவான்" என்றால், முன்பணத்தையும் தம்பி வந்த பிறகே கொடுங்கள். பதிவு வரி 5 சதவீதம் வாங்குபவர் தலையில், நோத்தேர் (பத்திரம் எழுதும் நோட்டரி) கட்டணம் தனி. முதல் வீட்டுக்குச் சலுகை உண்டா என்று நோத்தேரிடமே கேளுங்கள். அது பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும்.

கணவரின் அலைச்சல்தான் காரணம் என்றால், ரோஸ் ஹில்லிலிருந்து மெட்ரோ ஓடுகிறதே! 1860-களில் மலேரியாவுக்குப் பயந்து இதே ஊரைவிட்டுத்தான் ஜனங்கள் உங்கள் ரோஸ் ஹில் போன்ற மேட்டு ஊர்களுக்கு ஏறினார்கள். ஆனாலும் சுவர் சுத்தமாக இருந்து, வாரிசுகளும் ஒருவர் விடாமல் வந்து நின்றால், நானாக இருந்தால் வாங்கிவிடுவேன். மாமியாருக்கு ஒரு ஃபேன் கூடுதலாக மாட்டிவிடுங்கள்.

கேள்வி: கடற்கரையை ஒட்டி ஒரு வீடு, நம்ப முடியாத மலிவில் வருகிறது. நம்பலாமா?
- ஒரு வாசகர், வாக்வா

பதில்: கடல்நீர் ஏறும் உச்சக்கோட்டிலிருந்து 81.21 மீட்டர் வரையுள்ள நிலம் பெரும்பாலும் அரசாங்கத்துடையது. அதில் நிற்கிற வீட்டை விற்பவர் கைமாற்றுவது நிலத்தை அல்ல, குத்தகையை. குத்தகை இன்னும் எத்தனை வருஷம் பாக்கி, வருஷ வாடகை எவ்வளவு என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.