ஒரே பிறந்தநாளுக்கு மூன்று ராசியா?

கேள்வி: என் மகள் பிறந்தது ஏப்ரல் 5. ஆங்கில வார இதழ் அவளை மேஷம் என்கிறது. ஜாதகத்தில் விருச்சிக ராசி என்று இருக்கிறது. அதே கட்டத்தில் சூரியன் மீனத்தில் உட்கார்ந்திருக்கிறார். எது சரி? 'ராசி நம் ரிஷிகள் கண்டது, கிரேக்கன் இங்கிருந்து கொண்டுபோனான்' என்கிறார் மாமனார். 'அத்தனையும் கிரேக்கச் சரக்கு' என்கிறார் கொழுந்தனார். சீனர்களின் எலி வருஷம், புலி வருஷம்கூட இதே பன்னிரண்டுதானா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கணக்குப்படி மூன்றும் சரிதான். அளந்த பொருள் வேறு, அளக்கத் தொடங்கிய இடம் வேறு.

விருச்சிகம் என்பது சந்திரன் நின்ற இடம். நம் ஊரில் 'என்ன ராசி?' என்றால் சந்திரனைத்தான் கேட்கிறார்கள். அது ஒரு ராசியை ஏறக்குறைய இரண்டேகால் நாளில் தாண்டிவிடும். எனவே அதைக் கணிக்கத் தேதியோடு நேரமும் வேண்டும். வார இதழ் பார்ப்பது சூரியனை. அது ஒரு ராசியில் ஒரு மாதம் தங்குவதால் தேதியை மட்டும் வைத்து ஓட்டிவிடலாம்.

இனி சூரியனிலேயே மேஷமா, மீனமா என்ற தகராறு. மேல்நாட்டார் மார்ச் 20, 21 வாக்கில் பகலும் இரவும் சமமாகும்போது சூரியன் நிற்கும் புள்ளியை மேஷத்தின் தொடக்கமாக வைக்கிறார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் வானியலாளர் தாலமி உறுதிப்படுத்திய முறை இது. நம்மவர் இதைச் சாயனம் என்பார்கள். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து எண்ணுகிறது, அது நிராயனம். பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டுவதால் அந்தச் சமநாள் புள்ளி 72 ஆண்டுக்கு ஒரு பாகை (முழு வட்டம் 360 பாகை) வீதம் நட்சத்திரங்களுக்கு எதிராகப் பின்வாங்குகிறது. கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டு தொடக்கமும் ஒன்றாக இருந்தன என்று கொண்டால், இன்றைய இடைவெளி சுமார் 24 பாகை. அயனாம்சம் என்பது இதுதான்.

உங்கள் மகளின் கணக்கை நீங்களே போடலாம். ஏப்ரல் 5-இல் சாயனச் சூரியன் மேஷத்தில் ஏறத்தாழ 15 பாகை. 24-ஐக் கழிக்க இடமில்லை. எனவே 360-ஐக் கூட்டிக் கழியுங்கள். 351 வரும். மீனம் 330-இல் தொடங்குவதால், மீனத்தில் 21 பாகை. சரிபார்க்க தினசரிக் காலண்டர் போதும்: அன்று பங்குனி 22 வாக்கில் இருக்கும். சூரியன் மேஷத்தில் இருந்தால் சித்திரை, மீனத்தில் இருந்தால் பங்குனி. தமிழ் மாதமே நிராயன ராசிதான். ஏப்ரல் 14 முதல் 19 வரை பிறந்தவர்களுக்கு மட்டும் இரண்டு முறையிலும் மேஷமே வரும். மற்ற மாதங்களிலும் இப்படி நடுவில் ஐந்தாறு நாள் உண்டு.

செல்போன் செயலிகளில்தான் கோளாறு வருகிறது. சில செயலிகள் சாயனத்திலேயே கணித்துத் தமிழ்ப் பெயர் போட்டுக் காட்டும். நிராயனம் என்று மாற்றினாலும் எந்த அயனாம்சம் என்று பாருங்கள். லாஹிரி, ராமன் என்ற இரண்டு அயனாம்சக் கணக்குகளுக்கும் இடையே சுமார் ஒன்றரை பாகை வித்தியாசம். நட்சத்திர பாதம் ஒன்றுக்கு 3 பாகை 20 கலைதான் (60 கலை ஒரு பாகை) அகலம். ஒன்றரை பாகையில் பாதம் மாறிவிடலாம், எல்லையில் இருந்தால் ராசியே மாறிவிடும்.

குடும்பச் சண்டைக்கு வருவோம். பன்னிரண்டு சமத் துண்டு பாபிலோனியாவில் பிறந்தது. அவர்களுடைய பழைய பட்டியலான முல்-அபினில் சந்திரன் போகும் வழியில் பதினேழு, பதினெட்டு விண்மீன் கூட்டங்கள் இருந்தன. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அதைச் சீராக்கி 12 ராசி, ராசிக்கு 30 பாகை என்று வெட்டினார்கள். கிடைத்தவற்றில் மிகப் பழைய ஜாதகக் களிமண் பலகைகள் கி.மு. 410-ஐச் சேர்ந்தவை. அவற்றில் லக்னம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி, கிடையாது. கிழக்கே எது உதிக்கிறது என்று பார்த்து இரவின் நாழிகை சொன்னவர்கள் எகிப்தியர். அதற்காகப் பத்து நாளுக்கு ஒன்று என 36 விண்மீன் கூட்டங்கள் வைத்திருந்தார்கள். அலெக்சாந்தருக்குப் பிறகு எகிப்திலிருந்த கிரேக்கர்கள் இரண்டையும் சேர்த்துத் தைத்தார்கள். லக்னமும், அதிலிருந்து எண்ணும் பன்னிரண்டு பாவங்களும் (வீடுகளும்) அங்கே முளைத்தவை.

சான்று வேண்டுமானால் மகரத்தைப் பாருங்கள். பாபிலோனியாவின் எல்லைக் கற்களில் அது முன்பாதி ஆடு, பின்பாதி மீன். எகிப்தின் தெந்தேரா கோயில் கூரையில் செதுக்கி, இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ராசிச் சக்கரத்திலும் அதே ஆட்டுமீன். 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் ஜாதகத்தில் மகரத்தை மான் முகம் கொண்டது என்கிறார்; தனுசுக்கோ வில் பிடித்த மனிதன், பின்பாகம் குதிரை. காலண்டரில் வெறும் வில் மட்டும் அச்சாகிவிட்டதால் இந்தக் குதிரையை நாம் மறந்துவிட்டோம். மேஷத்துக்குக் 'கிரியா', ரிஷபத்துக்குத் 'தாவுரி' என்று கிரேக்கப் பெயர்களையும் அவரே தருகிறார். கடன் வாங்கியதை ஒளிக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே ராசி விஷயத்தில் மாமனார் சொல்வது நிற்காது. ஆனால் கொழுந்தனாரின் 'அத்தனையும்' என்ற சொல்லும் நிற்காது. ராசியே இல்லாத, பழைய நூலான வேதாங்க ஜோதிடத்தில் நட்சத்திரங்கள் இருக்கின்றன. 27 நட்சத்திரம், தலா நான்கு பாதம், மொத்தம் 108. அதைப் பன்னிரண்டு ராசிக்கு ஒன்பது ஒன்பதாகப் பங்கிட்டது இங்கே நடந்த வேலை. ஜன்ம நட்சத்திரத்திலிருந்து தசாபுத்தி எண்ணுவதும் இங்கே வளர்ந்ததுதான். தமிழிலும் இரண்டும் கலந்தே வருகின்றன: நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலுக்கு மேல்விதானத்தில் 'திண்ணிலை மருப்பின் ஆடுதலை யாக' என மேஷ ஆட்டை முதலாகக் கொண்டு சூரிய வீதி தீட்டப்பட்டிருக்கிறது, பக்கத்திலேயே சந்திரனோடு ரோகிணி.

சீனர்களின் எலியும் புலியும் இந்தக் குடும்பமே இல்லை. அவை வானத்துத் துண்டுகள் அல்ல, ஆண்டுகளை எண்ணும் பன்னிரண்டின் சுற்று. மூங்கில் சுவடிகளில் கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே கிடைக்கின்றன. மேஷம், ரிஷபம் சீனாவுக்குத் தனியாக, பௌத்த நூல்களின் மொழிபெயர்ப்பு வழியாகப் போய்ச் சேர்ந்தன.