பசையாகிப்போன ஸோட்ஸுப்பே

அன்புள்ள அக்கா,

ஆஸ்லோவில் உங்கள் வீட்டுக்கார அம்மா வைத்துத் தந்த ஸோட்ஸுப்பே என்ற உலர்பழ சூப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் மனைவியின் முன்னோர் நார்வேயிலிருந்து மினசோட்டா வந்தவர்கள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஸோட்ஸுப்பேயை நானே வைக்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். அவள் பாட்டி எழுதிவைத்த அட்டையில் ப்ரூன் (உலர்ந்த பிளம்ஸ் பழம்), திராட்சை, பட்டை, ஜவ்வரிசி என்று இருக்கிறது, அளவு இல்லை. ஒத்திகை பார்த்தேன், போஸ்டர் ஒட்டலாம் போல வந்தது. நார்வேக்காரர் ஒருவர் பார்லி போடச் சொல்கிறார். எதுதான் அசல்?

அன்புள்ள தம்பி,

முதலில் பசைக்கு வருவோம். இந்தியக் கடையில் மாவு ஜவ்வரிசி வாங்கியிருப்பீர்கள், அது வடாத்துக்கு. பாயசத்துக்குப் போடும் நைலான் ஜவ்வரிசிதான் இதற்கும் சரி. அதையும் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றாதீர்கள், தளதளவென்று கொதிக்கும்போது தூவிக் கிளற வேண்டும். லிட்டருக்கு நாலு மேசைக்கரண்டி போதும், உங்கள் ஒத்திகையில் ஒரு டம்ளராவது போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அசல் எது என்றால், நான் பஞ்சாயத்துக்கு வரமாட்டேன். பார்லி அந்த மண்ணின் பழைய தானியம், அதில் வைப்பவர்களும் உண்டு. ஜவ்வரிசியோ தென்கிழக்காசியாவில் பனை வகை மரத்தின் தண்டுக்குள் இருக்கும் சோற்றிலிருந்து வந்தது, நம் சேலத்தில் மரவள்ளிக்கிழங்கு, நார்வே கடையில் உருளைக்கிழங்கு மாவு. பேர் ஒன்று, சரக்கு மூன்று! 1825இல் நார்வேயின் ஸ்டாவாங்கர் துறைமுகத்திலிருந்து முதல் கூட்டம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியதிலிருந்து, போன ஊரில் கிடைத்ததைப் போட்டுத்தான் வைத்திருப்பார்கள். அட்டையில் ஜவ்வரிசி என்றால் உங்கள் வீட்டுக்கு ஜவ்வரிசிதான், மாமியாரோடு வம்பு வேண்டாம்.

எங்கள் வீட்டுக்கார அம்மா ப்ரூனை முதல் நாள் இரவே எனாமல் பாத்திரத்தில் ஊறப்போடுவார். ஊறிய தண்ணீரை நான் ஒருமுறை கொட்டப்போக, கையைப் பிடித்துக்கொண்டார், நிறமும் ருசியும் அதில்தானாம். அந்தத் தண்ணீரிலேயே ஒரு துண்டுப் பட்டையைப் போட்டுக் கொதித்ததும் ஜவ்வரிசி, அது பாதி வெந்தபின் ப்ரூனும் திராட்சையும். ப்ரூனை முதலிலேயே போட்டால் கரைந்து கூழாகிவிடும். கரண்டியில் நாலு மணியை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்ப்பார், நடுவில் வெள்ளைப்புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவில்லை. கடைசியில் கறுப்புத் திராட்சைவத்தல் மாதிரி நிறத்தில் ஒரு பெர்ரி சர்பத், கொஞ்சம் எலுமிச்சை. ஏலக்காய் வேண்டாம். நான் நம் புத்தியில் தட்டிப்போட்டுவிட்டு, அது கிறிஸ்துமஸ் ரொட்டிக்கு அல்லவா என்று பாட்டு வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் ஒன்று, ரசத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். ஆற ஆற இறுகும். மறுநாள் காலையில் கரண்டி நட்டுக்குத்தாக நின்றால் சர்பத் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம், அவர் அப்படித்தான் செய்வார்.