பழைய காலத்து ரயில் மாடல் செய்யும்போது என்ஜினின் நிறம், எண், மற்ற விவரங்கள் அந்தக் காலத்துக்குச் சரியானவைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் நாலைந்து படங்களை இறக்கி வைத்துக்கொண்டு, ஒன்றில் கறுப்பு, இன்னொன்றில் சிவப்பு என்று குழம்பிப்போய்த்தான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அங்கேதான் நின்றேன். நான் ரயில்வே ஊழியன் இல்லை, வரலாறு படித்தவனும் இல்லை. பத்து வருடமாக மீட்டர்கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) ரயில் மாடல் செய்கிறேன், அவ்வளவுதான். தெரிந்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன்.

முதலில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். ‘பழைய காலம்’ என்று ஒன்று கிடையாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் தாத்தா மானாமதுரை ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன், அதாவது வண்டிக்குத் தடம் மாற்றிவிடுபவர். அவர் நினைவாக 1963இல் அந்த நிலையத்தில், சென்னையிலிருந்து தனுஷ்கோடி போன போட் மெயில் வந்து நிற்கும் காட்சியைச் செய்ய ஆசைப்பட்டேன். 1:87 அளவு, 12 மில்லிமீட்டர் தண்டவாளம். மீட்டர்கேஜை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை வரும், அதனால் பொருந்தும். என்ஜின் ஒய்.பி. என்ற மீட்டர்கேஜ் நீராவி வகை. பித்தளைத் தகடு வெட்டி, பற்றவைத்து, எட்டு மாதம் ஆனது. அசலில் 54 அங்குலம் உள்ள ஓட்டுச் சக்கரம் இந்த அளவில் 16 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதைக்கூடச் சரியாகப் பிடித்தேன்.

என்ஜின் நம்பரை மட்டும் யோசிக்காமல் போட்டுவிட்டேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் 1980களில் வடக்கே எங்கோ எடுத்த படம் மிகத் தெளிவாக இருந்தது. குழாய், படிக்கட்டு எல்லாம் அதைப் பார்த்துச் செய்ததால் எண்ணையும் அதிலிருந்தே எடுத்தேன். 2860களில் ஒரு எண்.

நண்பனின் அப்பா மதுரை லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாக (என்ஜினில் கரி போடுபவர்) இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பெட்டியில் நான் ஒட்டியிருந்த ‘தனுஷ்கோடி’ பலகையைப் பார்த்தார். என்ஜின் எண்ணைப் பார்த்தார். “தம்பி, வண்டி தனுஷ்கோடி போகுதுன்னு போட்டிருக்கீங்க. இந்த நம்பர் என்ஜின் பொறந்தப்ப அங்க ஸ்டேஷனே இல்லையேப்பா” என்றார்.

எனக்கு அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. ஒய்.பி. என்ஜின்கள் மொத்தம் 871. எண்கள் 2000 முதல் 2870 வரை. முதல் இருபது அமெரிக்காவின் பால்ட்வினில் செய்தவை. பிறகு கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ், மியூனிக்கின் கிரவுஸ்-மாஃபை, அப்புறம் நம் ஜாம்ஷெட்பூர் டெல்கோ. கடைசி என்ஜின் வந்தது 1970இல். தனுஷ்கோடி புயலில் அழிந்தது 1964 டிசம்பர் 22 இரவில். ரெண்டும் ஒரே பிளாட்பாரத்தில் நிற்கவே முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. தனுஷ்கோடி என்று தேடினால் ‘பேய் நகரம்’ என்று சிவப்பு எழுத்தில் வீடியோ வருகிறது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டியோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கடலுக்குள் போன இடம் அது. அந்த மண்ணில் நின்று டார்ச் அடித்து, இசை போட்டுப் பயம் காட்டுகிறார்கள். என் தாத்தா மாற்றல் கிடைத்து 1962இல் அங்கிருந்து மானாமதுரைக்கு வந்தவர், கூட வேலை பார்த்தவர்கள் பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்துவிடும். தயவுசெய்து அப்படி எடுக்காதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஐயாவே தன் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். ஷெட் ஆட்கள் என்ஜின் முன்னால் வரிசையாக நிற்கும் படம், பின்னால் பேனாவில் தேதி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தயாரிப்பாளர் தகட்டில் கிளாஸ்கோ என்று படிக்க முடிந்தது. எனக்கு வேண்டிய எண் அங்கே கிடைத்தது. ஆகவே நிலையத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பப் படங்களைத் தேடுங்கள். இணையத்தில் கிடைப்பதைவிட அவை நம்பகமானவை. பெட்டிகளின் ஓரத்தில் கடைசியாக ஒர்க்‌ஷாப் போய்வந்த தேதியை ஸ்டென்சிலில் எழுதியிருப்பார்கள். படம் எப்போது எடுத்தது என்று தெரியாவிட்டால் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

நிறத்தில் மூன்று இடத்தில் ஏமாறுவோம். மிகப் பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருள் சிலவற்றுக்குச் சிவப்பே தெரியாது, சிவப்புப் பட்டை கறுப்பாக விழும். பழைய கலர் ஸ்லைடுகள் சில வெளுத்து, படம் முழுவதும் இளஞ்சிவப்பு ஏறியிருக்கும். இப்போது வாட்ஸப்பில் சுற்றும் ‘கலர் ஏற்றிய’ படங்களைத் தொடவே தொடாதீர்கள், அந்த நிறம் கணினியின் ஊகம். நீலப் பெட்டிகளும் 1990களில் வந்தவை. 1963க்குப் பழுப்பேறிய செங்கல் சிவப்புதான் வேண்டும்.

அப்புறம், காட்சிக்கு நிறுத்திவைத்திருக்கும் என்ஜின்கள். அளவெடுக்க அவற்றைவிட நல்லது இல்லை. ஆனால் நிறத்துக்கு நம்ப வேண்டாம். ஒரு அலுவலக வாசலில் நிற்கும் என்ஜினை அளக்கப் போனேன். சக்கரத்துக்கு வெள்ளி, பாய்லருக்குப் பச்சை, கைப்பிடிக்கு மஞ்சள். படிக்கட்டுக்கு அடியில் பெயிண்ட் செதிலாக உரிந்திருந்தது. ஒரு செதிலை எடுத்து ஓரத்தைப் பார்த்தேன். மேலே பச்சை, அதன் கீழ் வெள்ளி, அதன் கீழ் இன்னொரு பச்சை, பிறகு தடிமனாகக் கறுப்பு, கடைசியில் ரெட் ஆக்ஸைடு, அதாவது துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் அடிப்பூச்சு. அந்தக் கறுப்புதான் அது ஓடிய காலம். செதில் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மாடலுக்கு அந்தக் கறுப்பையும் அப்படியே அடிக்காதீர்கள். கைக்குள் அடங்கும் பொருளில் சுத்தக் கறுப்பு, உருவத்தையே விழுங்கிவிடும். நான் கறுப்போடு கொஞ்சம் சாம்பலும் ஒரு துளி பழுப்பும் கலக்கிறேன். ஸ்மோக் பாக்ஸ் (என்ஜின் முன்னால் இருக்கும் புகைப்பெட்டி) பக்கம் சாம்பல் கூடுதல், சக்கரத்துக்கு அருகில் பழுப்பு கூடுதல்.

‘பொழுதுபோக்குக்கு எதற்கு இவ்வளவு, ஆணி எண்ணிக்கொண்டு’ என்று இங்கேயே யாராவது எழுதுவார்கள். உங்கள் மாடலில் எந்த எண்ணை வேண்டுமானாலும் போடுங்கள், நான் தடுக்கவில்லை. கேட்டவர் ‘சரியானவைதானா’ என்று கேட்டதால் சொல்கிறேன். என் மாடலில் தாத்தா கொடியோடு நிற்கிறார். அவர் பார்த்திருக்கவே முடியாத என்ஜினை அவர் முன்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. எண் பலகையைச் சூடு காட்டிக் கழற்றி, புதிதாக ஒன்று வெட்டி ஒட்டினேன். ஒரு வாரம் ஆனது.

எந்த ஊர், எந்த வருடம் என்று கருத்தில் எழுதுங்கள். மதுரை, மானாமதுரைப் பக்கம் என்றால் ஐயாவின் ஆல்பத்தை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன், அவரிடம் கேட்டுவிட்டு அனுப்புகிறேன்.