கேளுங்கள் சிஸ்டர்: போட்ட ஊசியை எங்கே போடுவது?

போன இதழில் இன்சுலின் பற்றி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மருந்தை விட்டுவிட்டு ஊசியைப் பற்றியே கேட்கின்றன. எனக்கு அதில் சந்தோஷம்தான். அரசு மருத்துவமனை வார்டிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மருந்தைப் பற்றிப் பேச டாக்டர்கள் இருக்கிறார்கள். ஊசிக்கு யாரும் இல்லை.

மாமனாருக்கு வயது 71. காலையும் இரவும் இன்சுலின் பேனா போட்டுக்கொள்கிறார். ஊசிக்கு மூடி போட்டு, குப்பைக் கவரில் வைத்துக் கட்டிவிடுவேன். போன வாரம் குப்பை வாங்க வரும் அக்கா, "இந்தத் தெருவுல யாரோ ஊசியைக் குப்பையில போடுறீங்க, கையில ஏறுது" என்று சத்தம் போட்டார். நான் வாயே திறக்கவில்லை. என்ன செய்ய வேண்டும்?
*வாசகி, மன்னார்குடி*

உங்களைத் திட்டப் போவதில்லை. சர்க்கரை இல்லாத வீடு இன்று எந்தத் தெருவில் இருக்கிறது? அந்த அக்கா கையில் ஏறியது உங்கள் வீட்டு ஊசியாகவும் இருக்கலாம், நாலு வீடு தள்ளி இருப்பவருடையதாகவும் இருக்கலாம்.

மூடி போட்டால் பத்திரம் என்று நினைப்பதுதான் பிரச்சினை. பேனா ஊசிக்கு இரண்டு மூடிகள் உண்டு. உள்ளே இருக்கும் மெல்லிய மூடியைத் திரும்பப் போடவே கூடாது. போடும்போதுதான் விரலில் குத்தும். வெளியே இருக்கும் பெரிய மூடி எதற்கென்றால், ஊசியைத் திருகிப் பேனாவிலிருந்து கழற்றுவதற்கு. அதை மேசைமேல் வைத்து, பேனாவை அதற்குள் இறக்கித் திருகினால் கழன்று வரும். இன்னொரு கை பக்கத்தில் போக வேண்டியதே இல்லை. கழற்றிய கையோடு டப்பாவில் போட்டுவிடுங்கள். ஊசியைப் பேனாவிலேயே விட்டு வைத்தால் மருந்து கசியும், காற்றுக் குமிழி ஏறும், அடுத்த வேளை அளவும் தவறும்.

டப்பா எது? துணி துவைக்கும் லிக்விட் வரும் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். அதன் திருகு மூடி நன்றாக இறுகும். தண்ணீர் பாட்டில் வேண்டாம், மிதித்தால் நசுங்கி ஊசி வெளியே வந்துவிடும். கண்ணாடியும் வேண்டாம். 'ஊசி, திறக்காதீர்கள்' என்று பட்டையான மார்க்கரில் எழுதி, கீழே ஒரு ஊசிப் படமும் போடுங்கள். எடுக்க வருபவருக்குப் படிக்கத் தெரியாமலும் இருக்கலாம். சுகர் பார்க்கக் குத்தும் லான்செட்டும் இதே பாட்டிலுக்குள்தான். முக்கால் பாட்டில் நிறைந்ததும் மூடியை இறுக்கி, டேப் சுற்றிவிடுங்கள். இன்னும் நாலு ஊசிக்கு இடமிருக்கிறது என்று விரலால் அமுக்காதீர்கள்.

கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேளை, ஒவ்வொரு முறையும் புது ஊசி என்றால் மாதத்துக்கு 60 வரும். பெட்டி தீரும்போது பாட்டிலில் ஏறியது குறைவாகத் தோன்றினால் மாமனாரின் தலையணை உறை, சோபா இடுக்கு, சட்டைப்பை எல்லாவற்றையும் பாருங்கள். பேரக்குழந்தை தவழும் வீடாக இருந்தால் முதலில் கட்டிலுக்கு அடியில் பாருங்கள்.

நிறைந்த பாட்டிலை என்ன செய்வது? 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டில் பயன்படுத்திய ஊசியையும் சிரிஞ்சையும் வீட்டு அபாயக் கழிவு என்றன. மக்கும் குப்பையிலும் சேர்க்கக் கூடாது, மக்காத குப்பையிலும் சேர்க்கக் கூடாது. அந்த அக்காவிடம் தனியாகக் கையில் கொடுத்து, "இது ஊசி" என்று வாயால் சொல்லுங்கள். உங்கள் ஊரில் தனியாக வாங்கும் ஏற்பாடு இல்லையென்றால், மாமனாரைக் காட்டும் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குக் கழிவு எடுக்கும் வண்டி வரும். சில இடங்களில் வாங்கிக்கொள்வார்கள், சில இடங்களில் முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்தாலும் கேளுங்கள். எரிப்பது, கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது, தென்னை மரத்தடியில் புதைப்பது எதுவும் வேண்டாம்.

அப்புறம், அடுத்த முறை அந்த அக்கா வரும்போது வாயைத் திறந்துவிடுங்கள்.

அம்மா பேரூராட்சியில் தூய்மைப் பணியாளர். குப்பை பிரிக்கும்போது உள்ளங்கையில் ஊசி குத்திவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போய்விட்டார். பயமாக இருக்கிறது.
*மாணவி, விருத்தாசலம்*

குத்தி மூன்று நாள் ஆகவில்லையென்றால், இதைப் படித்ததும் எழுந்து அம்மாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போ. மூன்று நாள் தாண்டியிருந்தாலும் போக வேண்டும், செய்யும் காரியம்தான் வேறு.

குத்தியவுடன் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பிதுக்கி ரத்தம் எடுப்பது, விரலை வாயில் வைத்து உறிஞ்சுவது, பிளீச்சிங் ஊற்றுவது, மஞ்சள் வைத்துக் கட்டுவது எதுவும் கூடாது. எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்தால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்கு மேல் போனால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை இடமான நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். அவசரத்துக்கு 1097 என்ற எண்ணில் கேட்கலாம்.

பயத்தையும் அளந்து பார்ப்போம். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசியே குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான். குப்பையில் காய்ந்து கிடந்த ஊசி என்றால் அதைவிடக் குறைவு. நான் பயப்படுவது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு. உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட அது ஏழு நாள் தாக்குப்பிடிக்கும். தடுப்பூசி போடாதவருக்கு அந்தக் கிருமியுள்ள ஊசி குத்தினால் நூறில் முப்பது பேர் வரை தொற்றலாம். ஆனால் இதற்குத் தடுப்பூசி இருக்கிறது: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம் என மூன்று தவணை. அம்மா போட்டிருக்கிறாரா என்று கேள். போடவில்லையென்றால் இப்போதே முதல் ஊசியைப் போடச் சொல். டி.டி. ஊசியையும் கேள்.

கையுறை, காலணி, மழைக்கோட்டு எல்லாம் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லப்பட்டது. மெல்லிய ரப்பர் கையுறையால் ஊசி குத்துவதைத் தடுக்க முடியாது. கெட்டியானதாகக் கேட்க வேண்டும். ஊசி குத்தியதை மேஸ்திரியிடம் வாயால் மட்டும் சொன்னால் போதாது, எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஏதாவது வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

ஒரு டாக்டரின் கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். கழிவு எடுக்க வருபவர் பார்கோடு, எடை, ரிஜிஸ்டர் என்று உயிரை வாங்குகிறார். போட்டு முடித்த ஊசிக்கு எதற்கு இத்தனை கணக்கு?
*வாசகி, உடுமலை*

நான் பயிற்சிக்குச் சேர்ந்த காலத்தில் கண்ணாடி சிரிஞ்சுதான். கொதிக்க வைத்து, ஊசிக்குள் மெல்லிய கம்பி விட்டு அடைப்பெடுத்து, முனை மழுங்கினால் கல்லில் தீட்டுவோம். ஒன்று காணாமல் போனால் வார்டையே புரட்டிப் போட்டுத் தேடுவோம், ஏனென்றால் அது ஆஸ்பத்திரி சொத்து. இன்று பயன்படுத்தித் தூக்கிப் போடும் ஊசி வந்தபிறகு, போட்ட ஊசிக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. அந்த அனாதை ஊசிக்குத்தான் இத்தனை கணக்கு.

2009-இல் குஜராத்தின் மொடாசாவில் ஹெபடைடிஸ் பி பரவிப் பல உயிர்கள் போயின. ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சை மற்றவருக்கும் போட்டதுதான் காரணம் என்று தெரியவந்தது. பயன்படுத்திய சிரிஞ்சுகள் மறுபடி சந்தைக்கு வரும் வியாபாரமும் அப்போது அம்பலமானது. உன் கிளினிக்கிலிருந்து போன பை மருத்துவக் கழிவைச் சுத்திகரிக்கும் ஆலைக்கு வந்து சேர்ந்ததா, வழியில் எங்காவது இறங்கிவிட்டதா என்பதற்கு அந்தப் பார்கோடும் எடையும்தான் சாட்சி. பதிவுகளை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். யாருக்காவது ஊசி குத்தினால் அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும்.

எது எதில் போகும் என்பது உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். ஊசியை கட்டரில் வெட்டி வெள்ளை டப்பாவில் போட வேண்டும், பிளாஸ்டிக் சிரிஞ்சு சிவப்புப் பைக்கு. இன்சுலின் சிரிஞ்சில் ஊசி கழலாது, அதனால் முழுசாக வெள்ளை டப்பாதான். டப்பாவை ஊசி போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே வை. எட்டு அடி தள்ளி இருந்தால், அந்த எட்டு அடியில் யாரையாவது குத்தும். முக்கால் நிறைந்ததும் மூடி, பூட்டிய அறையில் வை. ஆலையில் அதைக் கிருமி நீக்கம் செய்து, நறுக்கி, இரும்பு உருக்கும் இடத்துக்கு அனுப்பலாம். அதுவரை அது உன் பொறுப்பு. வருபவரிடம் சண்டை போடாமல் கையெழுத்தை வாங்கி வை.

ஆபரேஷனில் தையல் ஊசியை வயிற்றுக்குள்ளேயே விட்டுவிட்டார்கள் என்று செய்தி வருகிறதே. எண்ணவே மாட்டார்களா?
*வாசகர், பழனி*

எண்ணுவோம் ஐயா, வாய்விட்டு எண்ணுவோம். கத்தி வைப்பதற்கு முன் ஒரு முறை, வயிற்றை மூடுவதற்கு முன் ஒரு முறை, தோலைத் தைக்கும்போது இன்னொரு முறை. டாக்டருக்கு எடுத்துக் கொடுக்கும் நர்ஸும் வெளியே சுற்றும் நர்ஸும் சேர்ந்து எண்ண வேண்டும், ஒருவர் மட்டும் எண்ணினால் செல்லாது. புதுப் பாக்கெட் பிரிக்கும்போதெல்லாம் வெள்ளைப் பலகையில் எண் ஏறும். தைத்து முடித்த ஊசி ஒவ்வொன்றும் காந்தப் பலகையில் வரிசையாக ஒட்டும். ஊசி உடைந்தால் இரண்டு துண்டும் கண்ணில் பட வேண்டும்.

ஒன்று குறைந்தால் தியேட்டரே நின்றுவிடும். டாக்டர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், "சார், கணக்கு வரலை" என்று சொல்லும் உரிமை அங்கே நர்ஸுக்கு உண்டு. உறிஞ்சும் பாட்டில், பஞ்சு, விரிப்பின் மடிப்பு, செருப்பின் அடி, குப்பைப் பை என்று எதையும் விடாமல் தேடுவோம். அதுவரை ஒரு பையும் அறையை விட்டு வெளியே போகாது. பெரும்பாலும் செருப்பின் அடியில்தான் அகப்படும். கிடைக்கவில்லையென்றால் எக்ஸ்ரே. கண் ஆபரேஷனுக்கு வரும் மிகச் சிறிய ஊசிகள் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகலாம், அதனால் அங்கே எண்ணிக்கை மட்டுமே கதி. நீங்கள் படித்த சம்பவத்தில் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. ஆனால் நோயாளிக்கு ரத்தம் கொட்டும் அவசரத்திலும் நள்ளிரவு கேஸிலும்தான் இந்த எண்ணிக்கை தடுமாறும். ஆள் குறைவாக இருக்கும் இடங்களில் இரண்டாவது நர்ஸே இருக்க மாட்டார். அதையும் யாராவது எண்ணினால் தேவலை.

ரயிலில் இரண்டு நாள் பயணம். இன்சுலின் சிரிஞ்சை எங்கே போடுவது?
*வாசகர், நாகர்கோவில்*

ரயில் கழிவறையிலோ ஜன்னல் வழியாகவோ போட வேண்டாம். சிரிஞ்சு நுழையும் அளவுக்கு வாய் அகன்ற, திருகு மூடி உள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிய பாட்டிலில் சேருங்கள். வழியில் சிரிஞ்சு வாங்க நேர்ந்தால் மூடியின் நிறத்தைப் பாருங்கள். ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்துக்குச் சிவப்பு, 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு தவறும்.