வெள்ளம் வடிந்த வீட்டில் ஃப்ரிட்ஜும் கிரைண்டரும்: சிங்கப்பூர் வந்த தம்பிக்கு

தம்பி, திருத்துறைப்பூண்டி பக்கத்தில் உங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்று வடிந்திருக்கிறது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றிலும் பூசணம் பூத்திருக்கிறது. அப்பா அம்மாவே துடைத்துக்கொள்ளட்டுமா, இல்லை வேலைக்குச் சேர்ந்த கையோடு லீவு போட்டு ஊருக்குக் கிளம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

லீவை இப்போது செலவழிக்காதீர்கள். முதலில் போன் போட்டு, எந்தப் பொருளையும் பிளக்கில் சொருகக் கூடாது என்று சொல்லுங்கள். "ஓடுதான்னு பாப்போமே" என்று சொருகிப் பார்க்கும்போதுதான் உயிருக்கே ஆபத்து வருகிறது. தண்ணீர் வடிந்தாலும் மோட்டார் காயிலிலும் சர்க்யூட் போர்டிலும் ஈரம் நிற்கும். கடலோரப் பக்கம் வெள்ளத்தில் உப்பும் கலந்துவிடும். உப்பு படிந்த போர்டு பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மெயின் சுவிட்சே நனைந்திருந்தால் அப்பா ஈரத்தரையில் நின்று அதைத் தொடக் கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லி, கம்பத்திலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

துடைக்கும் வேலையையும் பெரியவர்களிடம் விடாதீர்கள், இளைப்பு இருந்தால் அறவே கூடாது. கூலிக்கு ஆள் வைத்தாலும் என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, காலுக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுக்க வேண்டும். மூக்கில் துண்டு கட்டினால் பூஞ்சைத் தூள் நிற்காது. காலில் புண்ணோடு சேற்றில் நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம். காய்ந்த பூசணத்தைத் தட்டவோ விளக்குமாற்றால் பெருக்கவோ கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுக்கட்டும்.

பிளீச் விஷயத்தில் அளவு முக்கியம். சோப்புத் தண்ணீரில் சேறு போகக் கழுவிய பிறகுதான் பிளீச். சேறு இருந்தால் அதன் வேகம் அங்கேயே செத்துவிடும். வெளிப்புறத்துக்கு 4 லிட்டர் தண்ணீரில் 240 மில்லி திரவ பிளீச். சாப்பாடு படும் இடத்துக்கு அதே 4 லிட்டரில் 15 மில்லி போதும். 10 நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும். தெருவில் தூவும் பிளீச்சிங் பவுடர் இதற்கு ஆகாது, சுண்ணாம்பு மண்டியாகத் தங்கி துவாரங்களை அடைக்கும். கக்கூஸ் கழுவும் ஆசிட், வினிகர், அம்மோனியா எதையும் பிளீச்சோடு சேர்க்கவே கூடாது. மூடிய அறையில் கிளம்பும் அந்த விஷவாயு ஆளை விழுத்தாட்டிவிடும்.

ஃப்ரிட்ஜில் இருந்த சாப்பாட்டை எல்லாம் கொட்டிவிடச் சொல்லுங்கள், மூடியிருந்த ஊறுகாய் உட்பட. தட்டுகளையும் காய்கறி டப்பாவையும் வெளியே எடுத்துக் கழுவலாம். பூசணம் ஒளியும் இடங்கள் மூன்று: கதவு ரப்பரின் மடிப்பு, உள்ளே பின்சுவரின் அடியிலுள்ள வடிகால் துவாரம், கம்ப்ரஸர் மேலுள்ள தண்ணீர்த் தட்டு. மடிப்புக்குப் பழைய டூத் பிரஷ், துவாரத்துக்கு ஊசியில்லாத சிரிஞ்சில் வெந்நீர். கம்ப்ரஸர் முழுக்க மூடிய உருளை, அது பெரும்பாலும் தப்பிக்கும். பக்கத்திலிருக்கும், அதைக் கிளப்பும் ரிலேயும் சூடேறினால் நிறுத்தும் ஓவர்லோடும்தான் கெடும், மெக்கானிக் மாற்றிவிடுவார். ஆனால் சுவருக்குள் இருக்கும் ஃபோமில் வெள்ளம் இறங்கியிருந்தால் அந்த ஃப்ரிட்ஜ் இனி சாப்பாட்டுக்கு ஆகாது. ஒரு வாரம் கதவைத் திறந்து வைத்தும் நாற்றம் போகவில்லையா, யோசிக்காமல் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுங்கள்.

கிரைண்டரின் மோட்டார் அடியில் இருப்பதால் அதுதான் முதலில் மூழ்கும். நம் பக்கம் பம்புசெட்டுக்குக் காயில் கட்டும் கடை இல்லாத ஊர் குறைவு. அந்தக் கடைக்காரரிடம் மெக்கர், அதாவது காயிலிலிருந்து மின்சாரம் கசிகிறதா என்று அளக்கும் கருவி, இருக்கும். நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, 500 வோல்ட் மெக்கரில் 1 மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டினால் ஓட்டக் கூடாது. வாஷிங் மெஷின் மோட்டாருக்கும் இதே சோதனைதான். மெக்கானிக் சரி என்ற பிறகு, துணி போடாமல் 240 மில்லி பிளீச்சோடு 60 டிகிரி வெந்நீரில் ஒருமுறை ஓட்டலாம். உப்புத் தண்ணீர்க் கறைக்கு வாங்கி வைத்திருக்கும் டீஸ்கேல் பவுடரை அதே ஓட்டத்தில் போடக் கூடாது. அது அமிலம்.

மூழ்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்டெபிலைசர், சார்ஜர் எல்லாம் குப்பைக்கு. மைக்ரோவேவை யாரும் திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கினாலும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். கேஸ் ரெகுலேட்டரையும் ட்யூபையும் ஏஜென்சியில் மாற்றச் சொல்லுங்கள். கேஸ் வாடை வந்தால் கசிவுக்கான அவசர எண் 1906-க்குக் கூப்பிட வேண்டும்.

ஈரம் இருந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கும், அதற்குள் காயவையுங்கள் என்பார்கள். கார்த்திகை மழையில் நம் ஊரில் அது நடக்காது. கதவுகளைத் திறந்து வைத்து, பூக்கப் பூக்கத் துடைத்து, வெயில் வரும்வரை பொறுக்க வேண்டியதுதான்.

வீடியோ காலுக்கு இங்கே இரவு 9.30 ஆகாது, அங்கே 7 மணி, கரண்ட் இல்லாத வீட்டில் எதுவும் தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் 1 மணிக்குக் கூப்பிட்டால் அங்கே 10.30, நல்ல வெளிச்சம். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை முதலில் காட்டச் சொல்லுங்கள். எது மூழ்கியது, எது தப்பியது என்று அதை வைத்தே பிரித்துவிடலாம்.

எல்லாம் காய்ந்து, எலக்ட்ரீசியன் ஒயரிங்கைச் சோதித்து, ஒவ்வொன்றாக இணைப்புக் கொடுக்கும் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருப்பது நல்லது. லீவை அந்த வாரத்துக்கு வையுங்கள். திருச்சிக்கு நேர் விமானம் இருக்கிறது. முகக்கவசமும் கையுறையும் கொண்டு போகலாம், பிளீச் பாட்டிலை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள், விமானத்தில் அனுமதி கிடையாது.