கல்லாவில் கை வைத்த பையன்: மன்னிக்கவா, புகார் கொடுக்கவா?

கேள்வி: பாளையங்கோட்டையில் சின்ன பேக்கரி நடத்துகிறோம். நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். சில மாதங்களாகக் கல்லாவில் தினமும் இருநூறு, முந்நூறு குறைகிறது. போன வாரம் கேமராவைப் பார்த்தபோது, எங்கள் சபையைச் சேர்ந்த 22 வயதுப் பையன் 500 ரூபாய்த் தாளைச் சட்டைப்பையில் வைப்பது இரண்டு முறை தெரிந்தது. ஒரு வருடமாக எங்களிடம் இருக்கிறான். போதகர் மன்னித்துவிடச் சொல்கிறார். என் வீட்டுக்காரர் போலீசுக்குப் போகலாம் என்கிறார். அவனுடைய இந்த மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளலாமா?

பதில்: சகோதரி, மன்னிப்பது ஒன்று, கல்லாச் சாவியை அவன் கையில் திரும்பக் கொடுப்பது வேறொன்று. போதகர் முதலாவதைப் பற்றிப் பேசலாம். இரண்டாவதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள். தர்மப்பணம் கொண்டுபோன பவுலே, யாரும் குறை சொல்லாதபடி வேறு ஆட்களையும் கூட அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:20). சகோதரர்களை நம்பாததால் செய்ததல்ல அது.

உங்களிடம் ஆதாரம் இருப்பது ஆயிரம் ரூபாய்க்குத்தான். மற்ற மாதங்களின் குறைவு இப்போதைக்குச் சந்தேகம். அதையும் அவன் தலையில் ஏற்றாதீர்கள். கல்லாவில் கை வைப்பவர்களில் வீட்டு ஆட்களும் உண்டு. பால்காரருக்கு, சிலிண்டருக்கு, பிள்ளையின் ஆட்டோவுக்கு என்று எடுத்துவிட்டுச் சீட்டு எழுத மாட்டார்கள். ஆகவே பத்து நாள் இப்படிச் செய்யுங்கள். காலையில் கல்லாவில் சரியாக 2,000 ரூபாய் சில்லறை வைத்து, எந்தத் தாள் எத்தனை என்று எழுதுங்கள். இரவில் இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடுங்கள். நடுவில் யார் பணம் எடுத்தாலும் சீட்டு, நீங்கள் எடுத்தாலும். பில்லை ரத்து செய்யும் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும். மேஜையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையை உங்கள் போனிலேயே ஸ்கேன் செய்து யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். அட்டையையே மாற்றிவிடும் வேலையும் நடக்கிறது. பஃப்ஸ், கேக் தட்டுகளை எண்ணி ஏற்றி, விற்றது, மிஞ்சியது, வீணானது மூன்றையும் எழுதுங்கள். காசு சரியாக இருந்து பஃப்ஸ் குறைந்தால், திருட்டு கல்லாவில் இல்லை.

கேமராப் பதிவை இன்றே பென்டிரைவில் எடுங்கள். பல கடைகளில் ஒன்றிரண்டு வாரத்தில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். கேமராவின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்றும் பார்த்துக் குறித்துவையுங்கள். அந்தக் காட்சியை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அவதூறு வழக்கு உங்கள்மேல் திரும்பும்.

அடுத்து மத்தேயு 18:15: அவனும் நீயும் தனித்திருக்கையில் பேசு. அதில் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் உடன் இருக்கலாம், நான்கு பேர் சூழ வேண்டாம். கதவைப் பூட்டாதீர்கள், போனையும் ஆதாரையும் பிடுங்காதீர்கள், அடிக்காதீர்கள். அடைத்துவைத்தால் குற்றவாளி நீங்கள். அவன் ஒத்துக்கொண்டால் எவ்வளவு, எப்போது திருப்பித் தருவான் என்று தன் கையால் வெள்ளைத்தாளில் எழுதட்டும். லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்க்கச் சொல்கிறது. வரி வசூலித்த சகேயு, நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்றான். இரண்டும் திருப்பிக் கொடுப்பவனுக்கு உரியவை. நீங்கள் கேட்க வேண்டியது நிரூபிக்க முடிந்த தொகை மட்டும்.

சம்பளத்தை நிறுத்தாதீர்கள். விளக்கம் கேட்டு, எழுத்தில் பதிந்து, நிரூபித்த நஷ்டத்தைப் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதுவும் அந்த மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் கூடாது. இதைவிடச் சுலபமான வழி, முழுச் சம்பளத்தையும் வங்கியில் போட்டுவிட்டு, அவன் திருப்பித் தரும் பணத்தைத் தனியாக வாங்கி ரசீது கொடுப்பது. கூலியைப் பிடித்துவைப்பதைக் கண்டிக்கும் யாக்கோபு 5:4 வசனத்துக்கும் பதில் சொன்னதாகும்.

போலீஸ் விஷயத்தில் ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் முதல்முறை தண்டனை பெறுபவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. இதைக் கேட்டுவிட்டு, ‘பயமுறுத்தத்தானே, ஒரு புகார் கொடுப்போம்’ என்று கிளம்புகிறார்கள். இந்தச் சலுகை சாதாரணத் திருட்டுக்கு, அதாவது 303-ஆம் பிரிவுக்கு. வேலையாள் முதலாளியின் பொருளை எடுத்தால் 306-ஆம் பிரிவு. அதில் 5,000 என்ற வரம்பே கிடையாது. 500 ரூபாயானாலும் ஏழு வருடம் வரை சிறை, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம். வாடிக்கையாளர் ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிப் போனால் ஒரு சட்டம், உங்கள் பையன் எடுத்தால் வேறு சட்டம். வழக்குப் பதிவான பிறகு ‘விட்டுவிடுங்கள்’ என்றால் ஸ்டேஷனில் முடியாது. சமரசத்துக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். எனவே புகார் கொடுப்பதானால், கடைசிவரை நடத்துகிற எண்ணத்தோடு கொடுங்கள். அது பாவமல்ல. சகோதரர்களின் வழக்கைப் பற்றிய 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டி எந்தத் திருட்டுக்கும் புகார் கூடாது என்பவர்கள், தீமை செய்பவனைத் தண்டிப்பது அதிகாரியின் வேலை என்னும் ரோமர் 13-ஐயும் வாசிக்கட்டும்.

ஸ்டேஷனில் பெரும்பாலும் முதலில் கையில் வருவது, புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது. அது வழக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். அல்ல. அதை வைத்துக்கொண்டு இரு தரப்பையும் உட்காரவைத்துப் ‘பேசி முடிக்கும்’ வழக்கம் ஒழிந்தபாடில்லை. சட்டப் புத்தகத்தின் பெயரையே மாற்றினார்கள், இதை மாற்ற ஒருவருக்கும் நேரமில்லை. அந்த இடைவெளியில்தான் புரோக்கர் நுழைவான். ‘இன்ஸ்பெக்டர் நம்ம ஆள், ஒரு லட்சம் வாங்கித் தருகிறேன்’ என்பான். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு லட்சம் மிரட்டி வாங்கினால் அது பணப்பறிப்பு. வழக்கில் உங்கள் பெயர் இருக்கும், அவன் பெயர் இருக்காது. வெற்று முத்திரைத்தாளிலும் செக்கிலும் கையெழுத்து வாங்கச் சொல்பவனும் இதே ரகம். சபைக்குள் வருகிற புரோக்கர் இன்னும் மோசம்: இருபதாயிரத்துக்கு முடித்துவைத்து, ஐயாயிரத்தைக் ‘காணிக்கை’ என்று எடுத்துக்கொள்ளும் மூப்பர்கள் இருக்கிறார்கள். திருடன் யாரென்று ‘தரிசனத்தில்’ சொல்லும் ஜெபக்காரர்களிடம் போகவே போகாதீர்கள். மை போட்டுப் பார்ப்பவனுக்கும் அவர்களுக்கும் கையிலுள்ள புத்தகம்தான் வித்தியாசம். அவர்கள் பெயர் சொன்ன பிள்ளை நிரபராதியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

வேலையில் வைத்துக்கொள்வதானால், கல்லாவிலிருந்து அடுப்புப் பக்கம் மாற்றுங்கள். பில் போடுவதும் க்யூஆரும் அவன் பொறுப்பில் வேண்டாம். அனுப்புவதானால், ஆறு மாதம் தாண்டியவன் என்பதால், எழுத்தில் குற்றச்சாட்டு கொடுத்து, பதில் வாங்கி, விசாரணையைப் பதிந்த பிறகு அனுப்புங்கள். அடுத்த கடைக்காரர் விசாரித்தால் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன வேலை என்பதைச் சொல்லுங்கள். ‘நேர்மையானவன்’ என்று சான்றிதழ் மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள்.